ஊதாக் கத்தரி வெளுத்தால் விதைக்கடைக்குப் போவதற்கு முன்

தமிழில் இந்த நிறத்துக்கே கத்தரிப்பூ நிறம் என்றுதான் பேர். அதனாலோ என்னவோ, ஊதா என்று நம்பி நட்ட கத்தரி வெள்ளையாகக் காய்த்தால் நமக்கு வருவது வருத்தமில்லை, கோபம். "போலி விதை" என்று அன்றைக்கே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பல வருஷமாக நாட்டு விதை சேர்த்துவருகிறேன். என்னிடம் வரும் "நிறம் வரலை" புகார்களில் கடைக்காரர் மேல் தப்பு இருப்பவை குறைவுதான். மிச்சத்தில் பாதி வெயில் செய்த வேலை, மீதி வண்டு செய்த வேலை.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியின் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமி. அது உருவாவது ஒரு சாயப்பட்டறை மாதிரி. சாயம் காய்ச்சுகிற ஆட்கள் ஒரு கூட்டம் மரபணுக்கள். அவர்களை வேலையில் இறக்கிவிடும் மேஸ்திரி மரபணுக்கள் வேறு. மேஸ்திரி என்பதும் ஒற்றை ஆள் இல்லை. மூன்று வகைப் புரதங்கள் ஒன்றுகூடி நின்றால்தான் உத்தரவு போகும். பல ரகங்களில் அந்த மேஸ்திரி வெயில் முகத்தில் அடித்தால்தான் வாயே திறப்பார். ஆக, நிறம் வரவில்லை என்றால் ஆள் இல்லையா, மேஸ்திரி இல்லையா, வெயில் இல்லையா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டும் விதையில் இருப்பவை. மூன்றாவதற்கும் விதைக்கும் சம்பந்தமில்லை.

முதல் சோதனை: இது ஆந்தோசயனின்தானா?

கத்தரித் தோலை மெல்லிசாகச் சீவி வெந்நீரில் கொஞ்ச நேரம் போடுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். எலுமிச்சை விட்டது இளஞ்சிவப்பாகும், சோடா விட்டது நீலப்பச்சைப் பக்கம் போகும். அப்படி மாறினால் அது ஆந்தோசயனின். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, கொடிப்பசலைப் பழம் இவற்றின் சாறு இப்படி ஆட்டம் காட்டாது. அது பீட்டாலெயின் என்ற வேறு நிறமி, வேறு பட்டறை. இரண்டும் சேர்ந்திருக்கும் செடியை இதுவரை யாரும் கண்டதில்லை. பீட்ரூட் வெளுத்துப்போனது பற்றிக் கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

அறிகுறி: காயில் வெள்ளைத் திட்டு, அல்லது ஒரு பக்கம் மட்டும் நிறம்

காயைப் பறிக்காமல், காம்பின் முள்தொப்பியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தொப்பிக்குள் மறைந்திருந்த தோல் வெள்ளையாக இருக்கிறதா, ஊதாவாக இருக்கிறதா?

வெள்ளை என்றால் உங்கள் ரகம் வெயில் கேட்கும் ரகம். வெளிச்சம் படாத இடத்தில் மேஸ்திரி உத்தரவு கொடுக்கமாட்டார். இருட்டில் காப்1 என்றொரு புரதம் வெளிச்சச் செய்தியைக் கொண்டுவரும் தூதனை அழித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டதும் அது ஒதுங்கிக்கொள்ளும், தூது மேஸ்திரிக்குப் போய்ச் சேரும். இந்த ரகங்களில் ஒரு இலை காயோடு ஒட்டிக் கிடந்தால் அந்த இலையின் அச்சு வெள்ளையாகக் காயில் விழுந்திருக்கும். ஒருமுறை என் மாடியில் ஒரு காயில் இலை நரம்பு வரைக்கும் தெரிந்தது. பூஞ்சை என்று பயந்து மருந்து அடிப்பவர்களும் உண்டு. இலையை விலக்கிவிட்டுச் சில நாள் பொறுங்கள், போதும்.

தொப்பி விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளை வளையம், அதற்குக் கீழே ரோஸ், அதற்கும் கீழே முழு ஊதா என்று படிப்படியாகத் தெரிந்தால் அதுவும் நோயில்லை. காய் தொப்பிக்கடியிலிருந்துதான் நீள்கிறது. அந்த வெள்ளை வளையம் இப்போதுதான் வெளியே வந்த தோல், இன்னும் வெயில் பார்க்கவில்லை. வளையம் அகலமாக இருந்தால் காய் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தோஷப்படலாம்.

தொப்பிக்கடியிலும் ஊதா என்றால் அது வெயிலைக் கேட்காத ரகம். அதில் வெள்ளைத் திட்டு வந்தால் மட்டும் வேறு காரணம் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் பூ உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக் கறுப்புத் துணியில் கட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அவிழ்த்துப் பாருங்கள். இந்த ஒரு குணம் தெரிந்துவிட்டால், நிழலில் எந்த ரகத்தை வைக்கலாம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பசுமைக்குடிலில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புறஊதாக் கதிரை வடிகட்டும் பாலித்தீன் கூரை போட்டால், வெயில் கேட்கும் ரகங்கள் வெளிறும். நீலமும் புறஊதாவும்தான் கத்தரித் தோலில் அதிகம் வேலை செய்கின்றன. புறஊதா போனால் ஊதா போகும். தமிழே எச்சரித்து வைத்திருக்கிறது.

அறிகுறி: கோடையில் மங்கல், ஐப்பசி கார்த்திகையில் சரியாகிவிடுகிறது

வெப்பம். கடும் வெயிலில் நிறம் உருவாவது குறையும், உருவானதும் சிதையும். செடியை மாற்ற வேண்டாம், காயைச் சற்று முன்னதாகப் பறியுங்கள். முற்றிய காய் செம்பு நிறமாகி மஞ்சளடிப்பது முதுமை. விதைக்கு விட்ட காய் அப்படித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: ஊதாக் காயிலிருந்து எடுத்த விதை, ஆனால் சில செடிகளில் வெள்ளை

இங்கேதான் சண்டை வருகிறது. திண்டுக்கல் பக்கம் இருக்கும் சித்தப்பா போன் செய்தார்.

"கடைக்காரன் கலப்பட விதையக் குடுத்துட்டான்டா. நாப்பது செடியில பத்துப் பன்னெண்டு வெள்ளையா நிக்குது."

"கடையில எப்ப வாங்குனீங்க?"

"அது மூணு வருஷம் இருக்கும். அப்புறம் நானே விதை எடுத்துப் போடுறேன்."

"அப்ப கடைக்காரர விடுங்க சித்தப்பா. போன வருஷம் பக்கத்துல வெள்ளைக் கத்தரி இருந்துச்சா?"

"போன வருஷம் ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு முந்தின வருஷம் உங்க சித்தி வேலியோரம் நாலு வெள்ளை வச்சிருந்தா."

அந்த "முந்தின வருஷம்" என்ற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. ஊதா பொதுவாக ஓங்கு பண்பு, தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். நிறமின்மை ஒடுங்கு பண்பு, இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். முதல் வருஷம் சித்தியின் வெள்ளைச் செடியிலிருந்து ஒரு வண்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து ஊதாப் பூவில் சேர்த்தது. அந்த வருஷக் காயில் ஒரு மாற்றமும் தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்ச்செடியின் உடம்பு, உள்ளே இருக்கும் விதைதான் பிள்ளை. இரண்டாம் வருஷம் அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதும் காய் ஊதாதான். ஒரு வெள்ளை மரபணுவை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் வெளிறிய ஊதாவாக நிற்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. சித்தப்பா விதைக்கென்று விட்ட காய்களில் பெரும்பாலானவை அந்தச் செடியிலிருந்து வந்திருக்கும். கலப்புச் செடி செழித்து நிற்கும், கண்ணும் கையும் அதற்குத்தான் போகும். மூன்றாம் வருஷம் அதன் பிள்ளைகளில் நாலில் ஒன்று வெள்ளை. நாற்பதில் பத்துப் பன்னிரண்டு.

ஆகவே வெள்ளை தெரிந்த வருஷத்துக்கு ஒரு வருஷம் பின்னால் போய்க் குற்றவாளியைத் தேடாதீர்கள். இரண்டு வருஷம் பின்னால் போங்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வெள்ளை ரகத்தில் ஊதா மகரந்தம் விழுந்தால் அடுத்த வருஷமே காட்டிக்கொடுத்துவிடும். விதை சேர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் தந்திரம் இதுதான்: ஊதாப் பாத்திக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கத்தரி வைத்து, அதன் விதையைத் தனியாக எடுத்து அடுத்த வருஷம் போட்டுப் பாருங்கள். எத்தனை செடி ஊதாவாக வருகிறதோ அந்த அளவுக்கு உங்கள் தோட்டத்தில் வண்டுகள் அலைந்திருக்கின்றன. ஆனால் அந்த வருஷம் ஊதாவில் பூவுக்குத் துணிப்பை கட்டாமல் பிடித்த காயிலிருந்து விதை எடுக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் வாங்கியது வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இருந்து, அதிலிருந்து விதை எடுத்திருந்தால் கதை வேறு. அங்கே நிறம் மட்டும் பிரியாது. உருண்டை, நீளம், முள், உயரம் எல்லாமே செடிக்குச் செடி மாறும். நாலைந்து குணங்கள் ஒன்றாகச் சிதறினால் ஒட்டு ரகம் என்று அர்த்தம். பாத்தி முழுக்க ஒரே சாயலாக இருந்து நிறத்தில் மட்டும் சில செடிகள் விலகினால் வண்டு என்று அர்த்தம்.

சரி செய்வது எப்படி? வெள்ளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தீராது. மிஞ்சி நிற்கும் ஊதாப் பிள்ளைகளில் மூன்றில் ஒன்றுதான் சுத்தம். மூன்றில் இரண்டு வெள்ளையை ஒளித்து வைத்திருப்பவை. வெளித்தோற்றத்தை வைத்து நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தாயின் விதையையும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, பிள்ளைகளைப் பார்த்துத்தான் தாயைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வேலையை முதலில் முறைப்படி செய்தவர் மெண்டல். பட்டாணியில் ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 705 ஊதா, 224 வெள்ளை எண்ணினார். பிறகு 100 ஊதாச் செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 10 விதை போட்டார். 36 தாய்கள் சுத்தம், 64 தாய்கள் கலப்பு என்று எழுதினார். 1936-இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கேள்வி போட்டார்: கலப்புத் தாய்க்குப் பிறக்கும் 10 பிள்ளைகளும் தற்செயலாக ஊதாவாகவே அமைந்துவிட்டால்? அதற்கு 5.6 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறதே! நமக்கு வேண்டியது அந்தச் சர்ச்சை இல்லை, அந்தக் கணக்கு. ஒரு தாய்க்கு 11 பிள்ளைகள் வைத்தால் ஏமாறும் வாய்ப்பு 4.2 விழுக்காடு. 16 வைத்தால் 1 விழுக்காடு. நான் 16 வைக்கிறேன்.

16 செடியை காய்க்கும் வரை வளர்க்க மாடியில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். பல நேரம் வளர்க்கவே வேண்டாம். முளைத்த நாற்றில் வித்திலைக்கு, அதாவது முதலில் விரியும் இரட்டை இலைக்கு, கீழே இருக்கும் தண்டைப் பாருங்கள். ஊதாக் கத்தரியின் நாற்றுத் தண்டு பெரும்பாலும் ஊதா ஏறியிருக்கும். நிறமே செய்யத் தெரியாத நாற்று வெளிர்ப்பச்சையாக நிற்கும். நல்ல வெளிச்சத்தில் முளைக்க வைத்திருந்தால்தான் இது செல்லும். நிழலில் முளைத்தால் எல்லாம் பச்சையாகத் தெரிந்து குழப்பும். எல்லா ரகத்திலும் நாற்று சொல்வதைக் காய் அப்படியே கேட்காது என்பதால், உங்கள் ரகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நம்புங்கள்.

இனிமேல் கலக்காமல் இருக்க: நாளைக்கு விரியப் போகும் மொட்டு ஒன்றை இன்றைக்கு மாலையே மெல்லிய துணிப்பையில் கட்டுங்கள். பூவின் நடுவில் நிற்கும் சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பூக்கள்தான் காய் பிடிக்கும். சூல்தண்டு குட்டையாக உள்ளே ஒடுங்கிய பூவைக் கட்டி வீணாக்காதீர்கள். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான் இருக்கும், அதிர்ந்தால்தான் தூள் கொட்டும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போடுவது அதற்காகத்தான். பை கட்டிவிட்டால் அந்த வேலை உங்களுடையது. காலையில் பூக்காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் குழம்புக்குப் பறித்துவிடாமல் இருக்க.

அறிகுறி: ஊதாவே இல்லாத இரண்டு ரகம், நடுவில் ஓர் ஊதாச் செடி

இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. வெள்ளையும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊதா எங்கிருந்து வரும்? வரலாம். ஒன்றில் ஆட்கள் இருந்து மேஸ்திரி இல்லை. மற்றதில் மேஸ்திரி இருந்து ஒரு ஆள் குறைவு. இருவரும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் பட்டறை ஓடத் தொடங்கிவிடும். 1900-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும் வாசனைப்பட்டாணியில் வெள்ளைப் பூவோடு வெள்ளைப் பூவைக் கலந்தபோது ஊதாப் பூ வந்தது. அடுத்த தலைமுறையில் 16-க்கு 9 ஊதா, 7 வெள்ளை. உங்கள் தோட்டத்தில் மூன்று ஊதாவுக்கு ஒரு வெள்ளை என்று வராமல் வெள்ளை அளவுக்கு மீறி வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெண்டலின் வெள்ளைப் பூ மேஸ்திரி இல்லாத கேஸ். 2010-இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அது சாயம் காய்ச்சும் மரபணுவாக இல்லை, உத்தரவு கொடுக்கும் மரபணுவாக இருந்தது.

அறிகுறி: ஊதாதான், ஆனால் ஷேடு வேறு

ஒரு செடியில் கருநாவல், பக்கத்துச் செடியில் ரோஸ். கூர்மையான பிளேடால் தோலைக் கீறி, ஊதாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆந்தோசயனின் வெளித்தோலை ஒட்டிய ஒன்றிரண்டு அடுக்கில் மட்டும்தான். அதற்குக் கீழே பச்சையம் இருந்தால் மேலிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரியும். கீழே வெள்ளை என்றால் அதே ஊதா பளிச்சென்ற ரோஸாகத் தெரியும். பச்சையத்துக்குத் தனி மரபணுக்கள், ஊதாவோடு கூட்டு இல்லை. காயின் மேல்பக்கம் தெரியும் பச்சை வலைக்கோடுகளுக்கும் தனி மரபணு. இரண்டு சாயம், இரண்டு கணக்கு. ஆகவே ஊதா சுத்தமாகிவிட்ட பிறகும் ஷேடு பிரிந்துகொண்டே இருக்கும். ஷேடும் ஒன்றுபோல வேண்டும் என்றால் பிளேடு சோதனையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் நிறம் மாறினால் அது அந்தக் கிளையில் நடந்த தனி மாற்றம். ஆசைப்பட்டு விதை எடுப்பீர்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் மேல்தோல் அடுக்கில் மட்டும் நடந்த மாற்றம் விதைக்குப் போகாது. விதையை உண்டாக்குவது அதற்கு அடுத்த அடுக்கு. இப்படிப்பட்ட மாற்றங்களில் சில, இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகளால் வருபவை. சந்தையில் கிடைக்கும் ஊதா காலிஃபிளவருக்கும் அப்படியொரு துண்டுதான் காரணம். மேஸ்திரி மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு அதை ஓயாமல் கூவ வைத்துவிட்டது.

அறிகுறி: ஊதா மிளகாய் பழுத்ததும் சிவப்பாகிவிட்டது

ஆகத்தான் வேண்டும். பழுக்கும்போது ஆந்தோசயனின் சிதைந்து கரோட்டினாய்டு என்ற சிவப்பு நிறமி ஏறுகிறது. பழுத்தும் ஊதாவாகவே இருக்கும் என்று சொல்லி விற்றால் மட்டும் கேள்வி கேளுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி, உருளை நான்கிலும் ஊதாவின் முக்கிய மேஸ்திரி 10-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறார். ஒரே குடும்பம், ஒரே பூர்வீக வீடு.

அறிகுறி: "ஊதாத் தக்காளி" வாங்கினேன், உள்ளே ஊதாவே இல்லை

மூன்று வேறு சாமான்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். வெளியே செங்கறுப்பு, உள்ளே பழுப்பும் சிவப்பும் என்றால் அதில் ஆந்தோசயனினே இல்லை. பழுக்கும்போது போயிருக்க வேண்டிய பச்சையம் போகாமல் சிவப்போடு கலந்து நிற்கிறது. எலுமிச்சை, சோடா சோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெயில் படும் பக்கம் மட்டும் கருநீலம், காம்படியில் நட்சத்திரம் மாதிரி பச்சை, உள்ளே சாதாரணச் சிவப்பு என்றால் அது 2012-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இண்டிகோ ரோஸ் வழியில் வந்தது. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து ஓங்கு மரபணு ஒன்று, கலாபகஸ் தீவுத் தக்காளியிலிருந்து ஒடுங்கு மரபணு ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கறுப்பு. நாட்டுத் தக்காளியோடு கலந்தால் முதல் தலைமுறை ஏமாற்றும், லேசாகத்தான் படரும். பொறுத்திருந்து அடுத்த தலைமுறையில் 16-க்கு 3 செடியில் நல்ல கறுப்பைத் தேடுங்கள். ஒன்றாவது கிடைக்க 15 செடி வைத்தால் ஓரளவு நிம்மதி.

சதை முழுக்க ஊதா என்றால் அது இங்கிலாந்தின் நார்விச்சில் கேத்தி மார்ட்டின் குழு 2008-இல் காட்டிய மரபணு மாற்றுத் தக்காளி. நாய்முகப்பூ (ஸ்னாப்டிராகன்) செடியிலிருந்து இரண்டு மரபணுக்களை எடுத்து வைத்தார்கள். இரண்டுமே மேஸ்திரிகள்! ஆட்கள் தக்காளிக்குள் முன்பே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 2024 முதல் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதை விற்கிறார்கள். இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டவிரோதம். தபாலில் வரவழைக்க ஆசைப்படாதீர்கள்.

அறிகுறி: காய் சரி, இலை ஊதாவாகிறது

இளம் மக்காச்சோளத்திலும் தக்காளி நாற்றிலும் இலையின் அடிப்பக்கம் ஊதா ஏறினால் முதலில் மணிச்சத்துக் குறைவைச் சந்தேகியுங்கள். மலைப்பகுதி என்றால் இரவுக் குளிரையும். புது இலை பச்சையாக வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஊதா இலை அழகாக இருக்கிறதென்று அந்தச் செடியில் விதை எடுக்காதீர்கள், பிள்ளைக்கு அது வராது.

அறிகுறி: செடியில் ஊதா, சட்டியில் பச்சை

ஊதா அவரையும் ஊதாக் காராமணியும் வெந்ததும் பச்சையாகிவிடும். ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும் நிறமி. செல் வெடித்ததும் தண்ணீரில் இறங்கி, புளிப்புக் குறைந்த இடத்தில் வெளிறிப்போகும். இதுவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த பச்சையம் வெளியே தெரியும். ரகத்தில் கோளாறு இல்லை. கத்தரியின் ஊதா ஓரளவு நிற்க வேண்டும் என்றால், தண்ணீரில் வேகவிடாமல் தோல்பக்கம் முதலில் படும்படி சூடான எண்ணெயில் போடுங்கள். அவரைக்கு அந்த வழி இல்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது: பொரியலில் கடைசி ஊதாக் கோடு மறையும்போது காய் பதமாக வெந்திருக்கும். அடுப்பை அப்போது அணைக்கலாம்.